வாசகர் கேள்வி: வகுப்பறை முழங்குகிறதா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியின் கான்கிரீட் வகுப்பறை 20க்கு 20 அடி, உயரம் 10 அடி. ஆசிரியர் பேசுவது கடைசி பெஞ்சில் கொழகொழவென்று கேட்கிறது. கூரையில் தெர்மோகோல் ஒட்டலாமா? இதற்கு அளவுகோல் உண்டா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். அதன் குமிழ்கள் மூடியவை, ஒலி உள்ளே புகாது. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மண் இது. ஒலியை நன்றாகவே உறிஞ்சினாலும் தீப்பிடிக்கக்கூடிய தென்னைநார் மெத்தையைக்கூட நாங்கள் வகுப்பறைக் கூரைக்குச் சொல்ல மாட்டோம்.

ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நேரமே முழக்க நேரம். சிறிய வகுப்பறை காலியாக இருக்கும்போது அது 0.6 நொடிக்குள் இருக்கவேண்டும் என்கிறது 2002-இல் வந்த அமெரிக்கத் தரநிலை. பிரிட்டன் தன் விதிகளைப் புதுப்பித்தபோது, பழைய கட்டடத்தைத் திருத்தும் தொடக்கப் பள்ளிக்கு 0.8 போதும் என்றது. உங்களுக்கும் அதுவே நடைமுறை.

கணக்கு இது. அறையின் கொள்ளளவான 4,000 கன அடியை, முழக்க நேரச் சூத்திரத்தின் மாறிலியான 0.049 ஆல் பெருக்கினால் 196. அதை 0.8 ஆல் வகுத்தால் 245 சதுர அடி உறிஞ்சுதிறன் தேவை, அதாவது ஒலியை முழுதாக உறிஞ்சும் 245 சதுர அடிப் பரப்புக்குச் சமம். பூச்சுச் சுவர், சிமெண்ட் தரை, பெஞ்சுகள், திறந்த இரண்டு ஜன்னல் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 91 தான் தரும். அதாவது இப்போது முழக்கம் 2 நொடிக்கு மேல். மீதி 154-க்கு, 80 சதவீதம் உறிஞ்சும் 4க்கு 2 அடிப் பலகை 24 வாங்குங்கள். 2 அங்குல ராக்வுல் (பாறையை உருக்கி இழுத்த பஞ்சு), மேலே கண்ணாடியிழைத் துணி போர்த்தியது நல்லது. துளையில்லாத ஜிப்சம் சீலிங் பேச்சொலியை உறிஞ்சாது. ஐப்பசி ஈரத்தில் தொய்யவும் செய்யும்.

முதலில் கூரைக் கசிவை அடைத்துவிடுங்கள். துரு ஏறாத சட்டத்தில், கூரையிலிருந்து 2 அங்குல இடைவெளி விட்டு, ஓரங்களிலும் பின்சுவரின் மேல்பகுதியிலும் பொருத்துங்கள். நடுக்கூரை வெறுமையாகவே இருக்கட்டும். ஆசிரியர் குரலைப் பின்வரிசைக்குத் தள்ளுவது அதுதான். பின்னாளில் வெள்ளையடிக்க வருபவர் பலகைமேலும் பெயிண்ட் அடித்துவிட்டால் துளைகள் அடைந்து, போட்ட காசு வீண்.

கேள்வி: தகரக் கொட்டகை வகுப்பில் மழை பெய்தால் பாடமே நடப்பதில்லை. இதே பலகை உதவுமா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தனியாக உதவாது. துளி விழும்போது தகரமே பறையாக அதிர்கிறது. அடியில் ஒட்டும் மெல்லிய ஃபோம் வெயிலைத்தான் கொஞ்சம் தடுக்கும். தகரத்தைத் தொடாமல் கனமான சிமெண்ட் பலகைச் சீலிங் ஒன்று போட்டு, அதன் முதுகில் ராக்வுல் பரப்ப வேண்டும். அந்தப் பாரத்தைச் சட்டம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.