கேமராவை யார் பக்கம் திருப்பணும்? (வாசகர் கேள்வி பதில்)

பாலியல் வன்முறை, குடி இதையெல்லாம் வச்சு சொந்தக் காசுல குறும்படம் எடுக்கறவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். நிறைய வந்துச்சு, அதுல அஞ்சு மட்டும் இங்க. ஊர் பேர் மட்டும்தான் போட்டிருக்கேன், யாரோட பேரும் போடல.

கேள்வி: காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் சேந்து 12 நிமிஷ குறும்படம் எடுக்கறோம் அக்கா. ஒரு பொண்ணுக்கு நடக்கற பாலியல் வன்கொடுமைதான் கதை. அந்த சீனைக் காட்டலன்னா ஆடியன்ஸுக்கு வலி புரியாதுன்னு கேமராமேன் சொல்றான். காட்டலாமா? (திண்டுக்கல்)

பதில்: வேண்டாம் தம்பி. என் முதல் படத்துல நானும் 40 செகண்ட் காட்டினேன், நல்ல எண்ணத்துலதான் வச்சேன், ஆனா யாரோ அந்த 40 செகண்டை மட்டும் வெட்டி கேவலமான தலைப்பு போட்டு நெட்ல விட்டுட்டாங்க, முழுப்படம் பாத்தவங்களைவிட அதைப் பாத்தவங்கதான் ஜாஸ்தி. அதுல நடிச்ச பொண்ணு ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணி ஒரு வார்த்தை பேசாம அழுதா. அது என் தப்பு, அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே அந்த சீன் என் படத்துல கிடையாது.

அடுத்த படத்தோட கதையை, அந்தக் கொடுமை நடந்ததுக்கு மறுநாள் காலைலேருந்து ஆரம்பிச்சேன். ஒரே ஒரு அடுப்படி. பக்கத்து வீட்டு அக்கா தயிருக்கு உறை ஊத்த மோர் கேட்டு வராங்க, கையில ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லையாமே"ன்னு பாசமாத்தான் ஆரம்பிக்கறாங்க, அப்புறம் "எட்டு மணிக்கு அந்தப் பக்கம் இவளுக்கு என்ன வேலை?", அப்புறம் "துப்பட்டா போட்டிருந்தாளா?". அம்மா பதிலே சொல்லல, மோரை ஊத்திக்கிட்டே இருக்கா, கிண்ணம் நெறஞ்சு மேடையில வழியுது, மேடையிலேருந்து தரையில சொட்டுது. கேமரா கிண்ணத்தை விட்டு நகரவே இல்ல. படம் முடிஞ்சதும் ஒரு வயசான அம்மா என் கையப் புடிச்சு "நானும் இப்படிக் கேட்டிருக்கேன்மா, நல்லதுக்குன்னு நெனச்சுதான் கேட்டேன்"னாங்க. அந்த 40 செகண்டால இது நடந்திருக்காது.

பொண்ணு பக்கம் இருக்கற கேமராவை கேள்வி கேக்கறவங்க பக்கம் திருப்புங்க. வீட்டுல, தெருவுல, ஸ்டேஷன்ல அதே கேள்விய எத்தனை பேர் கேக்கறாங்கன்னு பாருங்க, எழுத்துலயே இருக்கும் அது. 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக வளாகத்துல நடந்த பாலியல் வன்கொடுமை வழக்குல முதல் தகவல் அறிக்கையோட வாசகமே அந்தப் பொண்ணைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்குன்னு சென்னை உயர் நீதிமன்றம் கண்டிச்சுது, அவ விவரத்தோட அந்த அறிக்கை வெளிய கசிஞ்சதுக்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு குடுக்கச் சொல்லுச்சு. ஒரு காகிதத்துல எழுதற பாஷைகூட ஒரு சீன்தான் தம்பி.

கேள்வி: எங்க படத்துல அந்தப் பொண்ணு கத்தவே மாட்டா, உறைஞ்சு போயிடுவா. ப்ரிவ்யூ பாத்தவங்க எல்லாருமே "ஏன் கத்தல, நம்பற மாதிரி இல்லையே"ன்னு கேக்கறாங்க. மாத்திடவா? (மதுரை)

பதில்: மாத்தாதீங்க, ப்ளீஸ். உண்மையில நடக்கறதைத்தான் நீங்க எடுத்திருக்கீங்க. பயம் எல்லை தாண்டினா ஒடம்பு ஓடவும் செய்யாது, அடிக்கவும் செய்யாது, அப்படியே நின்னுடும், குரல் வராது. ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம் நகரத்துல பலாத்காரத்துக்கு ஆளானவங்களுக்கான அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 298 பெண்கள்கிட்ட கேட்டு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 70 சதவீதம் பேருக்கு இந்த உறைஞ்சு போறது கணிசமா இருந்திருக்கு. படத்துல ஒரு டாக்டரை வச்சு இதை விளக்க வேண்டாம். அவளோட கை விரல் மட்டும் ஒரு ஷாட், மடங்கணும்னு நெனைக்குது, மடங்கல. அதுவே போதும்.

கேள்வி: எங்க படத்துல குற்றவாளி டாஸ்மாக்ல குடிச்சிட்டு வந்து தப்பு பண்றான், போதை தெளிஞ்சதும் அழறான். குடிதான் இதுக்கெல்லாம் காரணம்னு மெசேஜ் சொல்றோம். சரியா இருக்குமா? (சேலம்)

பதில்: இந்த மெசேஜ்ல எனக்கு உடன்பாடு இல்ல. குடியைப் பத்தி எனக்கும் கோவம் உண்டு, 2003ல மதுக் கடைகளை அரசே நடத்த ஆரம்பிச்சதுலேருந்து தெருவுக்குத் தெரு என்ன ஆச்சுன்னு நாம பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா குடிச்சவன் யார்கிட்ட கை வைக்கறான்னு பாருங்க. இன்ஸ்பெக்டர் வீட்டுக் கதவைத் தட்டறானா? தனியா இருக்கறவ, ஏழை, சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு தெரிஞ்சவ, இப்படி ஆள் பாத்துத்தானே போறான். அந்த அளவுக்கு நிதானம் இருக்கு அவனுக்கு.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. தானா விரும்பிக் குடிச்சவன் போதையைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது, அவனுக்குத் தெரியாம இல்ல அவன் விருப்பத்துக்கு விரோதமா யாரோ குடுத்திருந்தாத்தான் அந்த விலக்கு. அதே சட்டத்துல, ஒரு பொண்ணு என்ன நடக்குதுன்னே புரியாத போதையில இருக்கும்போது சொன்ன சம்மதம் சம்மதமே கிடையாது. இப்போ ஊர் பேச்சைக் கேளுங்க, அவன் குடிச்சிருந்தா "பாவம், போதையில தெரியாம பண்ணிட்டான்", அவ குடிச்சிருந்தா "குடிச்சவளுக்கு இதெல்லாம் நடக்கத்தான் செய்யும்". சட்டம் ஒரு பக்கம் போகுது, ஊர் அதுக்கு நேர் எதிர் பக்கம் போகுது. உங்க படம் இங்கதான் இருக்கு. அவன் அழற சீனைத் தூக்கிடுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் குடியை வச்சு என் பையன் போன்லயே குறும்படம் எடுக்கறான். கடைசியில அம்மா சாம்பார்ல மாத்திரை கலந்து குடுத்து அப்பா திருந்தற மாதிரி முடிவு. எனக்கும் புடிச்சிருக்கு. உங்க கருத்து? (ஈரோடு)

பதில்: அம்மா, இந்த முடிவை மட்டும் தயவுசெஞ்சு மாத்தச் சொல்லுங்க, வீட்டுலயும் செஞ்சு பாத்துடாதீங்க. குடியை நிறுத்தக் குடுக்கற டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிட்டவர் அதுக்கு மேல குடிச்சா வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் திடீர்னு இறங்கும், உயிரே போகலாம். அதனாலதான் டாக்டர் பரிசோதிச்சு, அவருக்கே சொல்லி, அவர் சம்மதத்தோட மட்டும் குடுக்கணும். ரொம்ப வருஷம் குடிச்சவர் ஒரே நாள்ல நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், அதுக்கும் ஆஸ்பத்திரி வேணும். குடிநோய் ஒரு நோய்னு பையன் படத்துல வரட்டும். சென்னையில டிடிகே ஆஸ்பத்திரின்னு சொல்றோமே, அது 1980லேருந்து இதுக்குன்னே இருக்கு, குடிக்கறவரோட சேத்து குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேசுவாங்க. குடியை விட நெனைக்கறவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா கூடிப் பேசற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டமும் இருக்கு, அதுக்குப் பணம் கட்ட வேண்டியதில்ல.

நோய்னு சொன்னதால அடிய பொறுத்துக்கணும்னு அர்த்தம் இல்ல. கை நீட்டினா பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணுங்க.

கேள்வி: எனக்கே 19 வயசுல நடந்தது. சொந்தக்காரர்தான், குடிச்சிருந்தார், வீட்டுல என்னைத்தான் திட்டினாங்க. அதை ஒரு நோட்டுல கதையா எழுதி வச்சிருக்கேன். தெரிஞ்ச ஒரு டைரக்டர் உண்மைக்கதைன்னு போட்டு எடுக்கலாம்னு சொல்றார். குடுக்கலாமா? (ஊர் வேண்டாம்)

பதில்: உங்க மேல எந்தத் தப்பும் இல்ல, வீட்டுல யாரும் சொல்லாததால நான் முதல்ல இதைச் சொல்லிடறேன்.

"உண்மைக்கதை"ன்னு கார்டு போட்டா ஊர் உடனே யாருன்னு தேட ஆரம்பிச்சிடும். பாதிக்கப்பட்டவங்க அடையாளத்தை வெளியிட்டா பாரதிய நியாய சன்ஹிதாங்கற இப்போதைய குற்றவியல் சட்டத்தோட 72வது பிரிவுல ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு, நீங்களா எழுதிக் குடுத்தாத்தான் பேர் போடலாம். பழைய சட்டத்துலயும் இந்தத் தடை இருந்துச்சு, அப்படி இருந்தும் 2019ல பொள்ளாச்சி பாலியல் வழக்குல போலீஸ் அதிகாரியே பாதிக்கப்பட்ட பொண்ணோட பேரைச் சொன்னது ஞாபகம் இருக்கும். பேரை மாத்தினா மட்டும் பத்தாது, தெரு, யூனிஃபார்ம் கலர், சொந்தக்காரர் உறவுமுறை எல்லாத்தையும் மாத்தணும். இதுக்கு ஒத்துக்காத டைரக்டர்னா பேச்சை நிறுத்திடுங்க. ஒத்துக்கிட்டாலும், எடிட் பாத்துட்டு வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்குன்னு ஷூட்டிங்குக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க.

அவசரம் எதுவும் இல்ல. நோட்டு இப்போதைக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். யார்கிட்டயாவது பேசணும்னு தோணினா இதே முகவரிக்கு எழுதுங்க, நானே பதில் போடறேன், அது பத்திரிகையில வராது.