பீர் புளித்தால் முதலில் டேப்பைக் கழற்றுங்கள்

வெயில் காலம் வந்துவிட்டால், வீட்டில் பீர் போடுபவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் பாதி ஒரே வரிதான்: "பீர் புளித்துவிட்டது, கொட்டிவிடவா?" கொட்டுவதற்கு அவசரமே இல்லை. மூக்கால் ஒருமுறை விசாரித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம். இந்த முறை எழுதியவர்களில் வேண்டுமென்றே புளிக்கவைத்தவர்களும் உண்டு, வேண்டாமலே புளித்துப்போய் நொந்தவர்களும் உண்டு. இரண்டு கட்சியையும் ஒரே பந்தியில் உட்காரவைத்திருக்கிறேன்.

அண்ணா, 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் வரிசையாக 3 பேட்ச் புளித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சானிடைசர் ஊற்றித்தான் கழுவுகிறேன். ஈஸ்ட் பாக்கெட்டில்தான் கோளாறா? (டொராண்டோ)

ஈஸ்ட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். வாளியின் அடியில் டேப் (பீரைத் திறந்துவிடும் குழாய்) இருக்கிறதா? இருந்தால் அதைக் கடைசியாக எப்போது முழுசாகக் கழற்றினீர்கள்?

எனக்கும் இது நடந்தது. ஒரு வருடம் முழுக்க, எந்தக் கோதுமை பீர் போட்டாலும் மூன்றாம் வாரத்தில் லேசான புளிப்பு எட்டிப்பார்க்கும். வாளியை மாற்றினேன், ஈஸ்ட்டை மாற்றினேன். டேப் மட்டும் பழையதே. ஒருநாள் அதை வெந்நீரில் போட்டு ஊறவைத்து அழுத்தியபோது, நடுவில் இருக்கும் உருளை தனியாகக் கழன்று வந்தது. அது கழலும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்! உள்ளே பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு பசை. அதில்தான் லாக்டோபேசில்லஸ் என்ற புளிக்கவைக்கும் பாக்டீரியா குடித்தனம் நடத்தியிருக்கிறது.

அந்தப் பசைதான் விஷயம். பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றி ஒரு பிசின் போர்வையை உண்டாக்கிக்கொள்கின்றன. அதன் மேல் சானிடைசர் ஊற்றினால் மேலோடு வழிந்து போய்விடும். சானிடைசர் சோப்பு இல்லை. அழுக்கைத் தேய்த்து எடுத்த பிறகு மிச்சமிருக்கும் கிருமியைக் கொல்லத்தான் அது. எச்சில் தட்டில் டெட்டால் தெளித்து மறுபடி அதிலேயே சாப்பிடுவோமா?

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். டேப், வாஷர், சைஃபன் குழாய், பாட்டில் நிரப்பும் குச்சியின் நுனியில் இருக்கும் ஸ்பிரிங் என்று கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றுங்கள். சோடியம் பெர்கார்பனேட் கலந்த சுடுதண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் மென்மையான துணியால் துடைத்து, நன்றாக அலசி, அதற்குப் பிறகு சானிடைசர். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை வாளிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக்கில் அது போடும் ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு ஒரு வீடு. கீறல் ஏற்கெனவே இருந்தால் வாளியைத் துணி ஊறவைக்க அனுப்பிவிடுங்கள். சைஃபன் குழாய்க்கும் வாஷருக்கும் சில்லறைக் காசுதான், புதிதாகவே வாங்குங்கள்.

ஸ்டார் சான் என்ற அமில சானிடைசரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒன்றரை மிலி. ஒன்றிரண்டு நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். கலந்துவைத்த கரைசலின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3-க்குக் கீழே இருக்கும்வரை அதற்கு வேலை செய்யும் தெம்பு உண்டு. உப்புத் தண்ணீரில் கலங்கிப்போகும் என்பதால், காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து வைத்தால் பல வாரம் வரும்.

இதையெல்லாம் செய்தும் புளித்தால் ஒரு சோதனை இருக்கிறது. அடுத்த முறை வோர்ட்டை (முளைகட்டிய தானியத்தின் இனிப்புச் சாற்றை) ஆறவைத்ததும், ஈஸ்ட் போடுவதற்கு முன், ஒரு தம்ளர் அளவு எடுத்துக் கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடி ஜாடியில் ஊற்றி, லேசாக மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். 3 நாள் தெளிவாக இருந்தால் அடுப்பு, ஆறவைக்கும் சுருள் வரை எல்லாம் சுத்தம், கோளாறு வாளியிலோ அதற்குப் பிறகோதான். ஒரே நாளில் கலங்கிக் குமிழ் விட்டால், கொதிக்கவைத்த பாத்திரத்தின் வால்வைக் கழற்றிப் பாருங்கள். சோதித்த சாற்றைக் குடித்துப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

ஃபெர்மென்டரை (பீர் நொதிக்கும் பாத்திரத்தை) திறந்தால் மேலே வெள்ளையாக ஒரு படலம். அங்கங்கே குமிழும் இருக்கிறது. பூசணமா? (லண்டன்)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பூசணம் இல்லை. ஆறிய பாலில் ஏடு கட்டுவது போல, காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் காற்று படும் இடத்தில் ஒரு தோல் கட்டும். சுருக்கம் சுருக்கமாக, மாவு தூவியது போல, சில சமயம் பெரிய குமிழ்களோடு இருக்கும். பார்க்கத்தான் பயமாக இருக்கும். அது கெட்டதன் அடையாளமும் இல்லை, நன்றாகப் புளித்ததன் அடையாளமும் இல்லை. உள்ளே ஆக்சிஜன் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. திறந்து திறந்து பார்த்தால் இன்னும் தடிக்கும்.

பூசணத்துக்கு முடி உண்டு. பஞ்சு மாதிரி எழும்பி, பச்சை, கறுப்பு, நீலம் என்று நிறம் காட்டும். மிதக்கும் பழத்துண்டின் மேல்தான் பெரும்பாலும் முதலில் வரும். அப்படி இருந்தால் நான் மேலாக வழித்துவிட்டுக் குடிக்கச் சொல்ல மாட்டேன். சில பூஞ்சைகள் நச்சைச் சுரக்கும், அது கண்ணுக்குத் தெரியாமல் கீழேயும் இறங்கியிருக்கும். கொட்டிவிடுங்கள்.

சார், கெட்டில் சவர் (ஈஸ்ட் போடுவதற்கு முன் கொதிபாத்திரத்திலேயே வோர்ட்டைப் புளிக்கவைக்கும் பீர்) முயற்சி செய்தேன். இரண்டாம் நாள் மூடியைத் திறந்ததும் வாந்தி வாடை. மனைவி வீட்டைவிட்டே போகச் சொல்கிறாள். (மெல்போர்ன்)

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வாடை பியூட்ரிக் அமிலத்தினுடையது. மால்ட், அதாவது முளைகட்டிய தானிய மணியின் தோலில் லாக்டோபேசில்லஸ் மட்டும் இல்லை, ஊரே இருக்கிறது. ஒரு பிடி மால்ட்டைப் போட்டுப் புளிக்கவைத்தீர்கள் என்று நினைக்கிறேன். லாக்டோ கண் விழித்து பிஎச்சைக் குறைப்பதற்குள் மற்றவை புகுந்து விளையாடிவிட்டன.

அடுத்த முறை மூன்று காவல் போடுங்கள். முதலில் வோர்ட்டை ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ மட்டும் இப்போது வேண்டாம், பல லாக்டோ வகைகளுக்கு மிகக் குறைந்த கசப்பே எமன். இரண்டாவது, கடையில் கிடைக்கும் லாக்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 4.5-க்குக் கொண்டுவாருங்கள். வாடை கிளப்பும் கூட்டத்துக்கு அந்தப் புளிப்பில் மூச்சு முட்டும், லாக்டோவுக்கு அது சர்வ சாதாரணம். மூன்றாவது, தனியாக வாங்கிய லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம். 30 முதல் 35 டிகிரியில், வோர்ட்டின் மேல்பரப்பில் உணவு மூடும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் பிஎச் 3.3 பக்கம் வந்துவிடும். அதோடு கொதிக்கவைத்து லாக்டோவை அடக்கிவிட்டு, ஈஸ்ட்டை வழக்கத்தைவிடத் தாராளமாகப் போடுங்கள். அந்தப் புளிப்பில் ஈஸ்ட் திணறும்.

இப்போது கையில் இருப்பதை என்ன செய்வது? வாடை லேசாக இருந்தால் பிரெட்டனோமைசஸ் (சுருக்கமாகப் பிரெட்) என்ற காட்டு ஈஸ்ட்டைப் போட்டுப் பல மாதம் காத்திருக்கலாம். அது பியூட்ரிக் அமிலத்தை அன்னாசிப்பழ வாசமாக மாற்றும் திறமை உள்ளது. திறந்ததும் குமட்டுகிற அளவு என்றால் வீட்டில் சமாதானம்தான் முக்கியம்.

நம் வீட்டுத் தயிரிலும் இட்லி மாவிலும் இருப்பதும் லாக்டிக் பாக்டீரியாதானே? அதையே போட்டால் என்ன? (சிங்கப்பூர்)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. நானும் தயிரைப் போட்டுப் பார்த்தவன்தான்.

கடைத் தயிரில் இருக்கும் பல்கேரிகஸ் வகை பாலில் உள்ள லாக்டோஸைத் தின்று பழகியது. வோர்ட்டில் பெரும்பங்கு மால்டோஸ். அது இந்தத் தயிர்க்காரருக்கு இறங்காது. கொஞ்சம் இருக்கும் குளுக்கோஸைத் தின்றுவிட்டுப் படுத்துவிடும். வீட்டுத் தயிரில் என்னென்ன குடியிருக்கின்றன என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இட்லி மாவைப் பொங்கவைப்பதில் பெரிய பங்கு லியூகோனோஸ்டாக்கினுடையது. அது அமிலத்தோடு வாயுவையும் விடும், அதனால்தான் இட்லி பூப்போல வருகிறது. ஆனால் மாவோடு வரும் உளுந்தும் அரிசியும் மற்ற கிருமிகளும் பீருக்கு வேண்டாத விருந்தாளிகள். மாவை இட்லிக்கே விட்டுவிடுங்கள். சிக்கனமாக முடிக்க வேண்டுமானால், பிளாண்டாரம் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கும் புரோபயாடிக் மாத்திரையைப் பிரித்துப் போடலாம், நன்றாகவே வேலை செய்கிறது.

பீர் புளிக்கவே இல்லை. ஆனால் 2 மாதம் கழித்துப் பாட்டிலைத் திறந்தால் கூரைவரை அடிக்கிறது. ஒரு பாட்டில் வெடித்தும்விட்டது. (நியூ ஜெர்சி)

பதிலைப் படிப்பதற்கு முன்னால் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை போட்டுக்கொண்டு, மிச்சமிருக்கும் பாட்டில்களை ஒரு மூடிபோட்ட பெட்டியில் வைத்துக் குளிர்ப்பதனப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வாருங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சரி. இதற்குமுன் அதே வாளியில் சேசான் என்ற பெல்ஜிய வகைப் பீர் போட்டீர்களா? சேசான் ஈஸ்ட் பலவற்றில் டயாஸ்டேட்டிகஸ் என்ற ரகம் இருக்கிறது. மற்ற ஈஸ்ட்டால் செரிக்க முடியாத டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை வெட்டும் நொதியை அது வெளியே சுரக்கும். நாலு செல் டேப்பில் ஒட்டியிருந்தாலும் போதும், மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். கணக்கைப் பாருங்கள்: அடர்த்தி 0.001 குறைந்தால் ஏறக்குறைய அரைப் பங்கு வாயு (பீரின் கன அளவுக்குச் சமமான வாயு ஒரு பங்கு). 1.012-ல் பாட்டிலில் அடைத்தது 1.002-க்கு இறங்கினால் 5 பங்கு வாயு கூடுதல். சாதாரண பீரில் இருப்பதே மொத்தம் இரண்டரைதான். பாட்டில் என்ன செய்யும், பாவம்.

குளிர்ந்ததும் ஒரு பாட்டிலைத் துணி சுற்றித் திறந்து, வாயுவைப் போக்கிவிட்டு ஹைட்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். அடைத்தபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தால் ஏதோ ஒன்று உள்ளே இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குறையவே இல்லையென்றால் பாட்டிலில் அடைக்கும்போது நீங்கள் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டீர்கள்.

பீர் எண்ணெய் மாதிரி ஊற்றுகிறது, நூல் விடுகிறது. (ஒரு வரிக் கடிதம்)

பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா. வெண்டைக்காய் நறுக்கிய கத்தி போலக் கொழகொழக்கும். கூடவே வெண்ணெய் வாசமும் வரும். பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் லாம்பிக் என்ற புளிப்பு பீர் செய்பவர்கள் இதைப் பார்த்து அலறுவதில்லை, பீருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பீப்பாயை அப்படியே விட்டுவிடுவார்கள். பிரெட் அந்தக் கொழகொழப்பையும் வெண்ணெயையும் மெல்லத் தின்று தீர்க்கும். உங்கள் பேட்ச்சில் பிரெட் இருந்தால் சில மாதம் பொறுங்கள். இல்லையென்றால் போடுங்கள்.

எனக்குப் பிரெட் போட்ட பீர் நன்றாகவே வந்தது, ஆனால் விழுங்கிய பிறகு தொண்டையில் எலி நாற்றம். நண்பருக்குத் தெரியவே இல்லை! (பாரிஸ்)

இரண்டு பேரும் சரி. அந்தப் பொருள் பீரின் புளிப்பில் ஆவியாகாது, அதனால் முகர்ந்தால் தெரியாது. எச்சில் பட்டுப் புளிப்பு தணிந்ததும் சில நொடி கழித்து எழும். ஆளுக்கு ஆள் நாக்கு வேறுபடும், சிலருக்குக் கொஞ்சமும் தெரியாது. பாட்டிலில் அடைக்கும்போது காற்றுப் பட்டால் அதிகம் வரும். 3 மாதம் இருட்டில் வைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள், பெரும்பாலும் தானாகப் போய்விடும்.

சாதாரண பீருக்கும் புளிப்பு பீருக்கும் தனித்தனிச் சாமான் வேண்டுமா? அப்புறம் என் பிஎச் மீட்டர் ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டுகிறது. (பர்மிங்காம்)

கண்ணாடி, ஸ்டீல் பொது. பிளாஸ்டிக், ரப்பர் தனி. சிவப்பு ஒட்டுநாடா ஒட்டியது எல்லாம் என் வீட்டில் புளிப்புப் பக்கம்.

மீட்டரைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் வைத்திருக்கிறீர்களா? அதுதான் அதைக் கொல்கிறது. பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசலில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் பிஎச் 7, 4 என்ற இரண்டு கரைசலிலும் சரிபார்த்துவிட்டு, வோர்ட்டை அறை வெப்பத்துக்கு ஆறவைத்து, வாயுவைப் போக்கி அளந்து பாருங்கள். நுனிக்கு ஒன்றிரண்டு வருடம்தான் ஆயுள்.

பீரில் ஆஸ்பத்திரி நெடி. இதுவும் தொற்றா? (லெஸ்டர்)

குழாய்த் தண்ணீரின் குளோரினோ, ப்ளீச்சில் கழுவியது சரியாக அலசாமல் விட்டதோதான் பெரும்பாலும் காரணம். குளோரினைப் போக்க 25 லிட்டர் தண்ணீருக்கு அரை கேம்ப்டன் மாத்திரை தாராளம். ப்ளீச்சையும் அமில சானிடைசரையும் ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

சென்னையில் வீட்டிலேயே செய்து பார்க்க ஆசை. எந்த வாளி வாங்கலாம்?

எந்த வாளியும் வேண்டாம். அனுமதியில்லாமல் மது தயாரிப்பது அங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் 1963-லும் அமெரிக்காவில் 1979-லும் கதவு திறந்தது, உங்கள் ஊரில் இன்னும் திறக்கவில்லை.

ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பானில்) தண்ணீர் வற்றியதைக் கவனிக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மூக்கைத் துளைக்கும் காடி வாசம். காப்பாற்ற முடியுமா? (சிகாகோ)

பீராகக் காப்பாற்ற முடியாது. லாக்டிக் புளிப்பு தயிர் போல நாக்கில் நிற்கும், மூக்கில் ஏறாது. உங்களுடையது மூக்கில் ஏறுகிறது, அது அசிட்டோபேக்டர் என்ற காடி பாக்டீரியா. காற்றில்லாமல் அதற்குப் பிழைப்பில்லை, நீங்கள் ஒரு மாதம் காற்று கொடுத்திருக்கிறீர்கள். வாழைப்பழத்தைச் சுற்றும் சின்ன ஈ ஒன்று உள்ளே போயிருந்தால் அதன் காலில்தான் வந்திருக்கும்.

கசப்பு அதிகம் இல்லாத பீர் என்றால் கொட்ட வேண்டாம். அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, வாயை மெல்லிய துணியால் கட்டி, சமையலறை மூலையில் இன்னும் ஒரு மாதம் விடுங்கள், நல்ல மால்ட் வினிகர் கிடைக்கும். வெங்காயம் போட்டால் ஜோர். ஆனால் அந்த ஜாடி, கரண்டி, துணி எதுவும் நீங்கள் பீர் போடும் அறைக்குத் திரும்பி வரக் கூடாது. வாளியின் டேப்பும்தான்.