திரவ உரத் தொட்டி கசிந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 25 ஏக்கர் வாழைக்குச் சொட்டுநீரில் உரம் விடுகிறோம். யூரியாவும் பொட்டாஷும் கரைத்து வைக்க 10,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் இரண்டு வாங்கியிருக்கிறோம். சுற்றிலும் தடுப்புச் சுவர் கட்டச் சொல்கிறார்கள். எவ்வளவு உயரம் கட்ட வேண்டும்?
(வாழை விவசாயி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: உயரத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். உங்களிடம் இருக்கும் இடத்தின் நீள அகலத்தை அளந்துகொண்டால், உயரம் கணக்கில் தானாக வரும்.

சுவருக்கு உள்ளளவு 6 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரைப்பரப்பு 24 சதுர மீட்டர். இரண்டு டேங்கும் ஒரே நேரத்தில் உடைவது அரிது என்பதால், பெரிய டேங்க் ஒன்றின் கொள்ளளவோடு 10 சதவீதம் சேர்த்துப் பிடிப்பது வழக்கம். அது 11,000 லிட்டர், அதாவது 11 கன மீட்டர். மேலே கூரை இல்லையென்றால் மழையையும் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டர் கொட்டினால் 24 சதுர மீட்டரில் 3.6 கன மீட்டர் தண்ணீர் நிற்கும். டேங்க்கை 30 சென்டிமீட்டர் உயர மேடையில் வைத்திருந்தால் அந்த மேடையும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. உடைந்த டேங்க்கின் 2.2 மீட்டர் விட்டமுள்ள மேடைக்கு அது 1.1 கன மீட்டர். ஆக மொத்தம் 15.7 கன மீட்டர்.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 15.7-ஐ 24-ஆல் வகுத்துவிடுகிறார்கள். உடையாத இரண்டாவது டேங்க் நிற்கும் 3.8 சதுர மீட்டரில் எதுவும் தேங்காது. அதைக் கழித்து, மீதி 20.2-ஆல்தான் வகுக்க வேண்டும். விடை 78 சென்டிமீட்டர். அலை அடித்தால் தாங்குவதற்கு 12 சென்டிமீட்டர் கூட்டி 90-ஆகக் கட்டுங்கள்.

அந்த 90 சென்டிமீட்டரும் நிரம்பி நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் ஏறத்தாழ 500 கிலோ விசை வெளியே தள்ளும். நாலரை அங்குலச் செங்கல் சுவர் அதைத் தாங்காது. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர்தான் சரி. தரை போடும்போதே சுவரின் அடி 15 சென்டிமீட்டரையும் சேர்த்து வார்த்துவிடுங்கள். மேல் சுவரோடு சேரும் மூட்டில், கசிவைத் தடுக்கும் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். புதிய தடுப்புத் தொட்டி கசிகிறதென்றால், தரையும் சுவரும் சேரும் மூலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அமோனியம் உப்புகளும் அமிலமும் சிமென்ட்டை அரிக்கும். உள்பக்கம் முழுக்க எபாக்ஸி பூச்சு அவசியம். செலவைக் குறைக்க மண் கரை போடுவதாக இருந்தால், சலித்த மணல் 10 சென்டிமீட்டர் பரப்பி, பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் தாளைவிடக் கனமான ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தாள் ஒன்றை மேலே விரியுங்கள். மண் கரையை நண்டும் பெருச்சாளியும் துளைக்கும், மாதம் ஒருமுறை சுற்றிப் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: தண்ணீர் டேங்க்கிலேயே உரக் கரைசலை நிரப்பலாமா? கடைக்காரர் தாராளமாக வைக்கலாம் என்கிறார்.
(திராட்சை விவசாயி, கம்பம்)

பதில்: கூடாது. தண்ணீர் டேங்க்கின் சுவர்க் கனம், லிட்டருக்கு ஒரு கிலோ எடையைக் கணக்கில் கொண்டு தீர்மானிக்கப்படுவது. கடையில் வாங்கும் அடர்ந்த திரவ உரங்கள் லிட்டருக்கு 1.3 கிலோ வரைக்கும் அதற்கு மேலும் இருக்கும். 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் லிட்டருக்கு 1.69 கிலோ. 10,000 லிட்டர் டேங்க்கில் 1.3 அடர்த்தியுள்ள உரத்தை நிரப்பினால் 10 டன் தாங்க வேண்டிய பிளாஸ்டிக் 13 டன்னைத் தாங்கி நிற்கும். அன்றைக்கே உடையாது. அடிப்பகுதி மெல்ல உப்பும், நாலு கோடை வெயில் பட்டபின் ஒருநாள் பிளந்துகொள்ளும். வாங்கும்போதே ‘எவ்வளவு அடர்த்தி வரை தாங்கும்’ என்று எழுதி வாங்குங்கள். 1.5-க்குக் குறைந்தால் அடர்ந்த உரத்துக்கு வேண்டாம், அமிலத்துக்கு 1.9 வேண்டும். ஏற்கெனவே தண்ணீர் டேங்க் வாங்கிவிட்டவர்கள் அதில் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டேங்க்கைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வெயில் அதிகம் படும் மேற்குப் பக்கத்திலும், குழாய் பொருத்திய இடத்தைச் சுற்றியும் தண்ணீரில் கரையும் மார்க்கர் மையை உள்ளங்கை அகலத்துக்குப் பூசி, உடனே துணியால் துடையுங்கள். நல்ல பிளாஸ்டிக்கில் மை முழுதாகப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத முடி விரிசல் இருந்தால் அதற்குள் மை தங்கி, சிலந்தி வலைபோலக் கோடு கோடாகத் தெரியும். அப்படித் தெரிந்த டேங்க்கில் அதன்பிறகு உரம் ஊற்றாதீர்கள்.

கேள்வி: எங்கள் டேங்க்கில் இடுப்பு உயரத்துக்கும் மேலே ஒரு விரிசல். உரம் பீய்ச்சி அடித்து, தடுப்புச் சுவரைத் தாண்டி வாய்க்காலில் விழுந்துவிட்டது. 90 சென்டிமீட்டர் சுவர் இருந்தும் எப்படி?
(கரும்பு விவசாயி, மோகனூர்)

பதில்: சுவர் டேங்க்கை ஒட்டி இருந்திருக்கும். தேங்கும் அளவைக் கணக்கிட்ட மேஸ்திரி, பீய்ச்சும் தூரத்தைக் கணக்கிடவில்லை.

டேங்க்கில் உள்ள திரவத்தின் மேல்மட்டம் சுவரின் உச்சியைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதிகபட்சம் அவ்வளவு தூரத்துக்கு ஓட்டையிலிருந்து திரவம் பாயும். மேடையோடு சேர்த்துத் திரவ மட்டம் 2.8 மீட்டர், சுவர் 0.9 மீட்டர் என்றால் வித்தியாசம் 1.9 மீட்டர். டேங்க்குக்கும் சுவருக்கும் இடையே 1.9 மீட்டர் விட்டிருந்தால் எந்த உயரத்தில் ஓட்டை விழுந்தாலும் உரம் சுவருக்குள்தான் விழும். அரை மீட்டர் மட்டும் விட்டிருந்தால், உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

இடம் இல்லையென்றால் சுவரின் மேல் இரும்புக் குழாய்ச் சட்டம் நட்டு, டேங்க்கின் முழு உயரத்துக்கும் கனமான பிளாஸ்டிக் தகடு பொருத்துங்கள். மூங்கில் தட்டிகூடப் பீய்ச்சலை உடைத்துவிடும், ஆனால் ஈரத்தில் உளுத்துப்போகும். தகட்டின் அடிவிளிம்பு சுவருக்கு உள்பக்கமாக இறங்கியிருக்க வேண்டும். வெளிப்பக்கம் இறங்கினால் தகட்டில் பட்டு வழியும் உரமெல்லாம் வெளியே போய்விடும். மேலே நீங்கள் பார்த்த கோபி வாசகரின் 6 × 4 மீட்டர் அளவிலும் இந்தத் தகடு தேவைப்படும், அங்கே இரண்டு டேங்க் போக இடைவெளி மிகக் குறைவு.

கேள்வி: மழைநீர் போக, தடுப்புச் சுவரின் அடியில் ஒரு குழாயும் வால்வும் வைத்திருக்கிறோம். சரிதானே?
(உரக்கடை உரிமையாளர், உடுமலைப்பேட்டை)

பதில்: அந்தத் துளையை அடைத்துவிடுங்கள். மழை பெய்ததும் வால்வைத் திறப்பார்கள், தண்ணீர் வடிய இரண்டு மணி நேரமாகும், திறந்தவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அடுத்த வாரம் டேங்க் கசிந்தால் உரம் நேராக அந்தத் துளை வழியே போகும். இப்படி ஒரு திறந்த வால்வு போதும், லட்ச ரூபாய் சுவர் வீணாகிவிடும்.

தரையை ஒரு மூலைக்கு நூற்றுக்கு ஒன்று சரிவாக அமைத்து, அங்கே ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி விடுங்கள். மழைநீரைக் கையில் தூக்கிப்போகும் சிறு பம்ப்பால் சுவருக்கு மேலாக இறையுங்கள். டேங்க்குக்குப் போகும் வரும் குழாய்களும் சுவரைத் துளைக்காமல் மேலே ஏறி இறங்கட்டும்.

இறைக்குமுன் அது மழைநீர்தானா என்று பார்க்க வேண்டும். சொட்டுநீர் விவசாயிகள் பலரிடம், தண்ணீரில் கரைந்த உப்பை மின்கடத்தல் மூலம் காட்டும் இ.சி. மீட்டர் இருக்கிறது. மழைநீரில் அது 0.1-ஐ ஒட்டிக் காட்டும், பொட்டாஷோ அமோனியமோ கலந்திருந்தால் சட்டென்று ஏறிவிடும். யூரியா மட்டும் இதற்கு விலக்கு. யூரியா அயனியாகப் பிரியாது, எவ்வளவு கரைந்திருந்தாலும் மீட்டர் பேசாமல் இருக்கும். யூரியாக் கரைசல் வைத்திருப்பவர்கள் மீட்டரை நம்பாமல், டேங்க்கின் மட்டம் நேற்றைவிட இறங்கியிருக்கிறதா என்று அளவுகோலில் பார்த்துவிட்டு இறையுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தத் தண்ணீரைப் பயிருக்கே பாய்ச்சிவிடலாம்.

மழைநீரைத் தேங்கவிடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காலி டேங்க் மிதக்கும். 10,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க்கின் எடை 200 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதன் அடிமட்டத்துக்கு மேல் வெறும் 6 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினாலே அது தரையை விட்டு எழும்பி, குழாயை முறித்துக்கொள்ளும். நான்கு பக்கமும் கான்கிரீட்டில் கொக்கி பதித்துக் கயிற்றால் கட்டிவையுங்கள்.

கேள்வி: பித்தளை வால்வு ஒரே வருடத்தில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. நல்ல கம்பெனிப் பொருள்தான்.
(காய்கறி விவசாயி, ஒட்டன்சத்திரம்)

பதில்: கம்பெனியைக் குறை சொல்ல வேண்டாம். அமோனியம் உள்ள உரம் பித்தளையையும் செம்பையும் துத்தநாகப் பூச்சு கொண்ட ஜி.ஐ. குழாயையும் அரிக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது துருப்பிடிக்காத எஃகு பந்து வால்வு (ball valve) போடுங்கள், அடுத்தடுத்து இரண்டாக. ஒன்று கசிந்தாலும் மற்றொன்று பிடிக்கும். வால்வுக்கும் பி.வி.சி. குழாய்க்கும் இடையே ஒரு முழம் நெகிழ் ஹோஸ் கொடுங்கள். டேங்க் நிரம்பும்போது வயிறு தள்ளும், காலியாகும்போது உள்ளே வாங்கும். விறைப்பான குழாய் அந்த அசைவைத் தாங்காமல் நிப்பிள் அருகே வெட்டுப்படும்.

மின்சாரம் போனதும் உரக் கரைசல் பின்னோக்கி இழுக்கப்பட்டுக் கிணற்றுக்கோ போர்வெல்லுக்கோ போவதும் கசிவுதான். உரம் சேரும் இடத்துக்கு முன்னால் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: சொட்டுநீர்க் குழாய் கழுவ அமிலமும் குளோரினும் வைத்திருக்கிறோம். உர டேங்க்குகளோடு ஒரே தடுப்புக்குள் வைக்கலாமா?
(பசுமைக்குடில் விவசாயி, ஓசூர்)

பதில்: வைக்கவே கூடாது. அமிலமும் குளோரின் திரவமும் ஒரே தரையில் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும், மனிதர் உயிரைப் பறிக்கும் அளவுக்கு. அமோனியம் உரத்தோடு குளோரின் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். மூன்றுக்கும் தனித்தனித் தடுப்பு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து போக முடியாத தூரத்தில் இருக்கட்டும். கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பிரித்து வையுங்கள். அவை சேர்ந்தால் ஆபத்து இல்லை, ஆனால் சுண்ணாம்புபோல உறைந்து பம்ப்பை அடைத்துவிடும்.

கேள்வி: சுவரே கட்டியிருந்தும் பெரிய டேங்க் உடைந்து ஊருக்குள் உரம் புகுந்ததாக வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
(வேளாண் பொறியியல் மாணவி, குமுளூர்)

பதில்: உண்மை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், செசபீக் நகரில் 2008 நவம்பர் 12 அன்று நடந்தது. 20 லட்சம் கேலன், அதாவது சுமார் 75 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள எஃகு டேங்க். உள்ளே இருந்தது யூரியா அமோனியம் நைட்ரேட் கரைசல். பழைய டேங்க்கின் சுவரைப் பலப்படுத்தத் தகடுகள் பற்றவைத்தார்கள். அந்தப் பற்றவைப்பு தரமாக இல்லை, முறையாகச் சோதிக்கப்படவும் இல்லை. அதன்பின் முதன்முறையாக முழு அளவை நெருங்கி நிரப்பும்போது டேங்க் பிளந்தது. மொத்தமும் ஒரே வீச்சில் வெளியேறியதால் அலையாக எழுந்து சுற்றுக்கரையைத் தாண்டி, பக்கத்துக் குடியிருப்பில் புகுந்தது. இரண்டு தொழிலாளர்களுக்குப் பலத்த காயம். குறைந்தது 2 லட்சம் கேலனைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை, ஒரு பகுதி எலிசபெத் ஆற்றில் கலந்தது.

கரை என்பது தேங்கும் திரவத்துக்குக் கட்டியது, மோதும் அலைக்கு அல்ல. அதனால்தான் பழுது பார்த்த டேங்க்கை முதலில் தண்ணீரால் நிரப்பிச் சோதிக்க வேண்டும் என்கிறோம். தண்ணீர் உரத்தைவிட லேசு என்பதையும் மறக்கக் கூடாது. தண்ணீர்ச் சோதனையில் 3 மீட்டர் வரை தாங்கிய டேங்க், 1.3 அடர்த்தியுள்ள உரத்துக்கு 2.3 மீட்டர் வரைதான் நிரூபிக்கப்பட்டது என்று பொருள்.

கேள்வி: கொட்டிவிட்டது. உடனே என்ன செய்வது?
(தென்னை விவசாயி, பொள்ளாச்சி)

பதில்: கையுறை, கண்ணாடி, பூட்ஸ் போட்டுக்கொண்டு முதலில் வால்வை மூடுங்கள் அல்லது மீதியை வேறு டேங்க்குக்கு இறையுங்கள். வெளியே ஓடினால் எதிரே மண்வெட்டியால் குறுக்குக் கரை போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். பத்தடியில் நிற்க வேண்டியது நூறடி போய்விடும்.

தேங்கியதை பம்ப்பால் எடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். மீதி ஈரத்தை மணல் போட்டு உறிஞ்சுங்கள். கையருகே கிடக்கிறதே என்று தேங்காய் நார்க்கழிவையோ மரத்தூளையோ நைட்ரேட் உரத்தின் மேல் கொட்டாதீர்கள். காய்ந்தபின் அது எளிதில் தீப்பற்றும். பாஸ்பாரிக் அமிலம் கொட்டினால் விவசாயச் சுண்ணாம்புத் தூளை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள், நுரை அடங்கியபின் மேலும் தூவுங்கள். சுட்ட சுண்ணாம்பு சூடேறித் தெறிக்கும். தகர வாளியில் அமிலத்தை அள்ளினால் ஹைட்ரஜன் கிளம்பும், பிளாஸ்டிக் வாளியே நல்லது.

நனைந்த மண்ணை நிறம் மாறிய ஆழம் வரை வெட்டி எடுத்து வயலில் பரப்புங்கள், ஒரே மூலையில் குவிக்காமல். 40 சதவீத யூரியாக் கரைசல் ஆயிரம் லிட்டரில் ஏறத்தாழ 440 கிலோ யூரியா இருக்கிறது, 45 கிலோ மூட்டையில் பத்து மூட்டை. எத்தனை ஏக்கருக்குப் பத்து மூட்டை போடுவீர்களோ அத்தனை ஏக்கருக்குப் பரப்ப வேண்டும். அந்தப் பத்து மூட்டையின் தழைச்சத்து முழுதும் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் சேர்ந்தால், 2 கோடி லிட்டர் தண்ணீர், குடிநீருக்கான லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரம்பைத் தொட அது போதும். எட்டு மீட்டர் விட்டத்தில் ஐந்து மீட்டர் தண்ணீர் நிற்கும் கிணறு என்றால், 80 கிணறு. கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில் குடிநீர்க் கிணறு இருந்தால் அண்டை வீட்டாருக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள், தண்ணீரைச் சோதித்து முடிவு வரும்வரை குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கட்டி முடித்த தடுப்புத் தொட்டி கசியவில்லை என்று எப்படி உறுதி செய்வது?
(கட்டட மேஸ்திரி, தாராபுரம்)

பதில்: பூச்சு நன்றாகக் காய்ந்தபின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். காலி டேங்க்குகளை அதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். உள்ளே ஒரு கல்லின் மேல் வாளியை வைத்து, வாளிக்குள்ளும் வெளியே இருக்கும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு மட்டத்தையும் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். வெயிலில் ஆவியாவது இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாளியில் ஒரு சென்டிமீட்டரும் தொட்டியில் இரண்டு சென்டிமீட்டரும் குறைந்திருந்தால், அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கேயோ தரைக்குள் போயிருக்கிறது. தண்ணீரை இறைத்துவிட்டு மூலைகளில் கடைசிவரை ஈரம் காயாத இடத்தைத் தேடுங்கள்.