எந்தப் பழக்கத்தை முதலில் தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 44. யாழ் நகரில் உள்ள அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றுகின்றேன். என் தந்தையார் 52 வயதில் மாரடைப்பால் காலமானார். அந்தப் பயத்தில் கடந்த தைப்பொங்கலன்று அதிகாலை நடை, யோகாசனம், கீரைச்சாறு, இரவில் சோற்றை நிறுத்துதல், கனடாவிலிருந்து தங்கை அனுப்பிய விற்றமின் மாத்திரைகள் என எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினேன். மாசி பிறப்பதற்குள் மாத்திரை மட்டுமே எஞ்சியது. நாளுக்கு ஐந்து தேநீர் குடிப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் புகையிலையோடு வெற்றிலை போடுவேன். லண்டனில் உள்ள அண்ணருடன் கதைத்துவிட்டுப் படுக்க நள்ளிரவு கடந்துவிடுகிறது. நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: நீங்கள் கைவிட்டவற்றுள் பெரும்பாலானவை நல்லவை, எஞ்சிய மாத்திரைதான் உங்களுக்கு மிகக் குறைந்த பயனைத் தரக்கூடியது. குறைபாடு எதுவும் கண்டறியப்படாத ஒருவருக்கு விற்றமின் மாத்திரைகள் மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை. அதை விழுங்குவதற்கு உங்கள் நாளில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பதாலேயே அது நிலைத்தது. உயிருக்கு ஆபத்தானது எது என்பதை முதலிலும், எது சீரானால் மற்றவை இலகுவாகும் என்பதை அடுத்தும் பார்த்தே நான் வரிசையைத் தீர்மானிப்பேன்.

உங்கள் குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருப்பதால், எந்தப் பழக்கத்துக்கும் முன்னர் குருதி அமுக்கம், வெறுவயிற்றுக் குருதிச் சீனி, கொழுப்பு ஆகிய மூன்றையும் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். உயர் குருதி அமுக்கமும் ஆரம்பநிலை நீரிழிவும் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் உங்கள் வயதினருக்கு இப்பரிசோதனைகள் இலவசமாகச் செய்யப்படுகின்றன. குருதி அமுக்கம் மீண்டும் மீண்டும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, வெறுவயிற்றுச் சீனி 126 மில்லிகிராமைத் தொட்டாலோ, நான் கீழே சொல்லும் வரிசைக்கு முன்னால் வைத்தியரின் சிகிச்சை வந்து நிற்கும். நடக்கும்போது நெஞ்சு இறுகுவதாகவோ வழமைக்கு மாறாக மூச்சு வாங்குவதாகவோ உணர்ந்தால், அதிகாலை நடையை வைத்தியர் பார்க்கும்வரை ஒத்திவையுங்கள்.

அடுத்தது புகையிலை. உங்கள் கடிதத்தில் ஒரு சிறு வாக்கியத்தில் கடந்து சென்ற அந்த வெற்றிலைதான் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்தது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் ஆகும். புகையிலை சேர்க்காத வெற்றிலைக்கூட்டும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியுள்ளது. ஆகவே புகையிலையை மட்டும் விட்டுவிட்டுப் பாக்கைத் தொடர்வது பாதி வழியில் நிற்பதாகும். சாப்பிட்டவுடன் எழும் அந்த அவா சில நிமிடங்களில் தணியும். அந்நேரம் கதிரையில் இராமல் வெளியே பத்து நிமிடம் நடந்து வாருங்கள். உணவுக்குப் பின்னான நடை குருதிச் சீனி ஏறுவதையும் குறைக்கும் என்பதால் உங்கள் நடைப்பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது. வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வாயைத் திறப்பதில் இறுக்கமோ இருந்தால் பல் வைத்தியரிடம் தாமதியாது காட்டுங்கள்.

மூன்றாவதாக நித்திரையைச் சொல்கிறேன். பலர் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு ஏழு மணிநேரமாவது நித்திரை வேண்டும். நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் ஓமோன் கூடி, வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஓமோன் குறைகிறது. இன்சுலினின் செயற்பாடும் மந்தமாகிறது. நள்ளிரவு கடந்து படுத்த ஒருவர் நாலரை மணிக்கு எழுந்து நடந்து, பகலில் களைப்பைப் போக்கச் சீனி போட்ட தேநீரை நாடினால், அந்த நடையைத் தாங்க உடல் எவ்வளவு காலம் சம்மதிக்கும்? லண்டனில் மாலை ஏழு மணி என்பது இங்கே கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. வார இறுதியில் அங்கு நண்பகலாக இருக்கையில் இங்கு மாலை நாலரை அல்லது ஐந்தரைதான். அண்ணரிடம் காரணத்தைச் சொல்லி நேரத்தை அவ்வாறு மாற்றிக்கொள்ளுங்கள். தந்தையாரை இழந்தவர் என்ற வகையில் அவருக்கும் இது விளங்கும்.

உணவில் தேநீரைத்தான் முதலில் பாருங்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் ஐந்து கோப்பைக்குப் பத்துக் கரண்டி, அதாவது ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் சீனி. 25 கிராமுக்குள் நிறுத்துவது நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பின்னர் மதியத் தட்டில் பாதியை முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், கத்தரி, பூசணி போன்ற மரக்கறிகளுக்கும், கால் பங்கை மீன் அல்லது பருப்புக்கும், எஞ்சிய கால் பங்கைச் சோற்றுக்கும் கொடுங்கள். நம் வீடுகளில் இந்த அளவுகள் தலைகீழாக இருப்பதே சிக்கல். இரவில் சோற்றை நிறுத்திவிட்டுப் புட்டை நிறையச் சாப்பிடுவதால் மாற்றம் ஏதும் இல்லை. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் சேர்ந்து உப்பு நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும்.

இவை நிலைத்தபின் நடையை வாரத்துக்கு 150 நிமிடங்களாக உயர்த்தலாம். யாழ்ப்பாணத்தின் சமதரை சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்றது. கொக்குவிலிலிருந்து நகருக்கு அதில் வந்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். யோகாசனமும் கீரைச்சாறும் அதன் பிறகு விருப்பம்போல் வரட்டும்.

ஒவ்வொரு படிக்கும் இடையில் எவ்வளவு காலம் விடுவது என்றும் நீங்கள் யோசிக்கக்கூடும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை அவதானித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது அவர்களைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே அடுத்ததற்கு அவசரப்பட வேண்டாம். புகையிலைக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது. அதை இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. நீரிழிவுக்குக் கிளினிக் மருந்து எடுத்து வந்தவர், குரக்கன் புட்டும் பாகற்காய்ச் சாறும் போதும் என்று இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டார். இயற்கை முறைதானே என்று விட்டுவிடலாமா?
– வாசகி ஒருவர், கரவெட்டி

பதில்: விட்டுவிட வேண்டாம். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் நிறைய உண்டு. ஆயினும் அது மாச்சத்து மிகுந்த தானியமே. அளவின்றிச் சாப்பிட்டால் அதுவும் சீனியை ஏற்றும். பாகற்காய்ச் சாறு மாத்திரைக்கு மாற்றாகாது. அம்மாவைப் பொறுத்தவரை மருந்துதான் முதல் இடத்தில் இருக்க வேண்டும். உணவு அதற்குத் துணையாக வரலாம். நிறுத்திய மாத்திரையை நீங்களாகவே பழைய அளவில் மீண்டும் கொடுக்கவும் வேண்டாம், ஏனெனில் அதில் சில வகைகள் உணவு குறைந்திருக்கும்போது சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் கொப்பியையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு அவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் இப்போது என்ன சாப்பிடுகிறார், என்ன சாறு குடிக்கிறார் என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். கண்களையும் பாதங்களையும் அன்றே பரிசோதிக்கும்படி கேளுங்கள்.