நட்சத்திர பாலிமர்: ஜிபிசியில் எடை குறைந்தால் கை உடைந்துவிட்டதா?

கேள்வி: 20,000 மூலக்கூறு எடையுள்ள நான்கு கை பெக்-அமீனில் (ஒரே நடுவிலிருந்து நான்கு சங்கிலிகள் பிரியும் நட்சத்திர பாலிமர்) எஃப்ஐடிசி என்ற ஃபுளோரசீன் சாயம் ஒட்டினேன். வெளியே கொடுத்து எடுத்த ஜிபிசி (பாலிமர் கரைசலைத் துளைத்துகள் நிரப்பிய குழாயில் ஓட்டி அளவுவாரியாகப் பிரிக்கும் சோதனை) ரிப்போர்ட்டில் 16,500தான் வருகிறது. கை உடைந்துவிட்டது, மறுபடி செய் என்கிறார் கைடு. என்ன செய்வது?

பதில்: அவசரப்பட்டு மறுபடி செய்யாதீர்கள். ஜிபிசி எடையை நிறுப்பதில்லை, கரைசலில் மூலக்கூறு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஒப்பிட வழக்கமாக வைக்கும் ஸ்டாண்டர்ட், எடை தெரிந்த நேர்ச்சங்கிலி பெக். உங்களுடையதில் நான்கு கைகளும் ஒரே நடுவில் கட்டப்பட்டிருப்பதால் அதே எடையுள்ள நேர்ச்சங்கிலியைவிடச் சுருங்கிக் கிடக்கும், தாமதமாக வெளியே வரும், எடையும் குறைவாகத் தெரியும். நிஜமாகவே கை உடைந்திருந்தால் ஒரு கையின் எடையான 5,000 பக்கத்தில் வரைபடத்தில் தனியாக ஒரு சிறு மேடு தெரிய வேண்டும்.

அந்த மேடு இருக்கிறதா என்று பார்க்க உங்களிடம் வரைபடமே இருக்காது, சரிதானே? சாம்பிளை வாங்கி எங்கோ ஓட்டிவிட்டு, ஒரு தாளில் ஒரே ஒரு எண்ணை அடித்துக் கொடுத்துக் காசு வாங்கும் ஏஜென்ட்கள் பெருத்துவிட்டார்கள். எந்த ஸ்டாண்டர்ட், எந்தக் கரைப்பான் என்று கேட்டால் போனையே எடுக்கமாட்டார்கள். முழு வரைபடமும் மூல டேட்டாவும் தராதவரிடம் சாம்பிள் கொடுக்காதீர்கள்.

வரைபடம் கிடைத்ததும் 490 நானோமீட்டர் உறிஞ்சலையும் பாருங்கள். அது பாலிமர் மேட்டோடு சேர்ந்து வந்தால் சாயம் ஒட்டியிருக்கிறது, கடைசியில் தனியாக வந்தால், ஒட்டாத சாயத்தைச் சவ்வு வழியே வெளியேற்றும் டயாலிசிஸ் போதவில்லை. பொடி மஞ்சளாக இருக்கிறது என்பதெல்லாம் ஆதாரம் இல்லை.

உண்மையான எடை வேண்டுமென்றால், பாலிமர் லேசர் ஒளியை எவ்வளவு சிதறடிக்கிறது என்பதிலிருந்து எடையைக் கணக்கிடும் ஒளிச்சிதறல் டிடெக்டர்தான். அதற்கு மூன்று கையெழுத்து, ஒரு மாதக் காத்திருப்பு என்று இழுத்தடிப்பார்கள், கருவியோ பாதி நாள் சும்மா கிடக்கும். பெரும்பாலான கருவிகளில் இருப்பது 660 நானோமீட்டர் பக்கத்துச் சிவப்பு லேசர், அதை ஃபுளோரசீன் தொடாது, உங்களுக்குக் கவலையில்லை. ஆனால் நாளைக்கே சை5 என்ற வேறு சாயத்துக்கு மாறினால் கதை வேறு. அது 650 பக்கம் உறிஞ்சுகிற சாயம், லேசரையே விழுங்கும், விழுங்கிவிட்டுத் தானும் ஒளிரும், வருகிற எடை வெறும் குப்பை. ஃபில்டர் போட்டால் அந்த ஒளிர்வைத்தான் தடுக்கலாம், விழுங்குவதைத் தடுக்க முடியாது. ஆகவே சை5 என்றால் ஒட்டுவதற்கு முன்பே எடையை அளந்துவிடுங்கள்.

இப்போதைக்கு, சாயம் ஒட்டாத மூலப் பாலிமரையும் ஒட்டியதையும் ஒரே நாளில் ஒரே கருவியில் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டும் 16,500 பக்கமே வந்தால் சாயம் ஒட்டியதில் கை உடையவில்லை, இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கைடிடம் காட்டுங்கள்.