வீடு கட்டும்போதும் வீட்டுக்கடன் வாங்கும்போதும் காதில் விழும் சொற்களுக்கு என்ன அர்த்தம்?

எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் சொல்ல நான் இன்ஜினியர் இல்லை. கொடுங்கையூரில் தாத்தா விட்டுப்போன அரை கிரவுண்டில், 2021-ல் கீழும் மேலுமாக ஒரு வீடு கட்டினோம். எந்தச் சொல்லுக்கு அர்த்தம் புரியாமல் தலையாட்டினேனோ, அந்தச் சொல்லில்தான் காசு போனது. அப்படிப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னைக் கவிழ்த்தது 'சதுரம்'. மேஸ்திரி வந்து, "சதுரத்துக்கு முப்பத்தஞ்சாயிரம்க்கா, லேபர் மட்டும்" என்றார். சதுரம் என்றால் 100 சதுர அடி. அதாவது சதுர அடிக்கு 350 ரூபாய். செங்கல், சிமெண்ட், கம்பி எல்லாம் நம் பொறுப்பு. வீடு பதினாலு சதுரம், கணக்கு சரி என்று நினைத்துக்கொண்டேன். வேலை முடிந்து டேப் பிடித்தபோது பதினைந்தே முக்கால் வந்தது. மாடிப்படி மேலே இருக்கும் ஹெட்ரூம் முழுதாகச் சேர்ந்தது, பால்கனி சேர்ந்தது, சன்ஷேடு பாதி அளவாகச் சேர்ந்தது. கூடுதல் 61,250 ரூபாய். அவர் ஏமாற்றவில்லை. எதெல்லாம் அளவில் வரும் என்று ஆரம்பத்திலேயே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்காதது என் தப்பு.

எம்சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஜல்லியும் யூனிட்டில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. கொட்டுவதற்கு முன் லாரித் தொட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி நூறால் வகுத்துவிடுங்கள். டிரைவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

'பேஸ்மட்டம்' என்றதும் நான் ஏதோ தரைக்குக் கீழே கார் நிறுத்தும் இடம் என்று நினைத்தேன், சிரிக்காதீர்கள். நம் ஊர் மேஸ்திரி வாயில் அது நேர் எதிர். மண்மட்டத்துக்கு மேலே, வீட்டுத் தரை வரை எழுப்பும் பகுதிதான் பேஸ்மட்டம். அதற்குக் கீழே தோண்டுவது கடைக்கால். "ஏத்திக்கக்கா, ரெண்டு தபா ரோடு போட்டானுங்கன்னா வூடு பள்ளமாயிடும்" என்றார். மழைத் தண்ணீர் தேங்கும் ஏரியாவில் இதைவிட நல்ல யோசனை யாரும் சொல்லவில்லை. ரோட்டிலிருந்து மூன்றரை அடி ஏற்றினோம். நிரப்பிய மண் லோடுக்குத் தனியாகச் செலவானது, வருத்தமில்லை.

அடுத்தது கவர் பிளாக். கம்பிக்கும், கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் சின்ன சிமெண்ட் கட்டி. சில ரூபாய் பொருள்தான். அதற்குப் பதில் உடைந்த ஜல்லியைச் சொருகிவிட்டுப் போவார்கள். காசிமேட்டில் அம்மா வீட்டில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால், கூரையில் பூச்சு பொரிந்து கையளவு விழுந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி வரிவரியாகத் தெரியும். உப்புக்காற்று ஒரு காரணம். கம்பிக்குக் கீழே போதிய கான்கிரீட் இல்லாதது இன்னொன்று. அதனால் இதில் மட்டும் நான் விடவில்லை. தூணுக்கு 40 மி.மீ., கடைக்கால் கம்பிக்கு 50 மி.மீ. என்று இன்ஜினியர் சொன்ன கட்டிகளை நானே வாங்கி, கான்கிரீட் போடும் காலையில் குனிந்து எண்ணிப் பார்த்தேன்.

சரி, வங்கிக்கு வருவோம். மார்ஜின் என்பது நாம் கைக்காசாகப் போடவேண்டிய பங்கு. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதையும் தாண்டினால் 75 சதவீதம். மீதிதான் மார்ஜின். இது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. அவ்வளவும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. எஸ்டிமேட் 27 லட்சம், எங்கள் சம்பளத்துக்கு வந்தது 20 லட்சம். அதையும் மொத்தமாகத் தரமாட்டார்கள். பேஸ்மட்டம், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாக விடுவார்கள். முதல் கட்டம் வரை நம் பணம்தான் ஓடவேண்டும். கடன் முழுதாகக் கைக்கு வரும்வரை, எடுத்த தொகைக்கு வட்டி மட்டும் கட்டுவது ப்ரீ-இஎம்ஐ. அதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

ஃப்ளோட்டிங் வட்டி என்றால் ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு, ஏறி இறங்குவது. எங்கள் கடன் 7 சதவீதம், 20 வருடம், இஎம்ஐ (மாதத் தவணை) 15,506 ரூபாய். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. எங்கள் வட்டியும் அதே இரண்டரை ஏறி ஒன்பதரை ஆகிவிட்டது. மாதம் போகும் தொகை மாறவில்லை, அதனால் நாங்களும் கவனிக்கவில்லை. ஒருநாள் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தால் பாக்கி சுமார் 19,65,000. ஒன்பதரை சதவீதத்தில் அதற்கு மாத வட்டியே 15,556. இஎம்ஐயைவிட ஐம்பது ரூபாய் அதிகம்! இப்படியே விட்டால் கட்டக் கட்டக் கடன் வளரும். மறுநாளே போய் இஎம்ஐயைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனில் தனிநபர் முன்கூட்டி அசல் கட்டினால் வங்கி அபராதம் போடக்கூடாது, போனஸ் வரும்போது நினைவில் வையுங்கள்.

கடைசியாக எம்ஓடி. நம் மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, சொத்தின் மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிடும். கடன் முடிந்தால் 30 நாளுக்குள் வங்கி பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும். அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தரவேண்டும். ஆனால் பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடியவில்லை. கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீது ஆவணம் என்று ஒன்றைத் தனியாகப் பதிவு செய்யவேண்டும். என் அண்ணன் அதைச் செய்யாமல் விட்டுவிட்டார். மூன்று வருடம் கழித்து வீட்டை விற்கப் போனபோது, வாங்க வந்தவர் வில்லங்கம் போட்டுப் பார்த்து, "கடன் இன்னும் இருக்கே சார்" என்று அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்.