ஒடுக்கு விழுந்த ஸ்டீல் சைக்கிள் பிரேம்: கேள்வி பதில்

கேள்வி: மேல்குழாயின் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு ஒடுக்கு விழுந்திருக்கிறது. ஓட்டலாமா?

பதில்: ஒடுக்கின் அளவைவிட அது விழுந்த இடமும் அதன் விளிம்பும்தான் முக்கியம். தரமான பிரேம்களில் குழாயின் சுவர் முனைகளில் 0.8 மி.மீ. இருந்தால் நடுவில் 0.5 மி.மீ. அளவே இருக்கும், அதனால் நடுப்பகுதி எளிதில் ஒடுங்குகிறது, ஆனால் பளு அதிகம் சேர்வது முனைகளில்தான். பள்ளம் வழவழப்பாகச் சரிந்து, பெயிண்ட் வெடிக்காமல் இருந்தால் ஓட்டலாம். விளிம்பு மடிப்புப்போல் கூர்மையாக இருந்தாலோ, பற்றவைப்பை ஒட்டி இருந்தாலோ ஓட்டக் கூடாது.

கேள்வி: நேருக்கு நேர் மோதிவிட்டேன். ஒடுக்கு ஏதும் தெரியவில்லை. ஆனால் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கிறது.

பதில்: உங்கள் கேள்விதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. முன்சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும்போது, பெடல் பக்கம் சரிந்து இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்புறம், தலைக்குழாய்க்கு (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குட்டைக் குழாய்) சற்றுப் பின்னால் நசுங்கிப் புடைக்கும். அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பார்வைக்குத் தப்பும் சிறு நெளிவு விரலுக்குத் தப்பாது. பெயிண்ட் மயிரிழையாக வெடித்துத் துரு கசிந்திருந்தால் அந்த பிரேமில் ஏறவே வேண்டாம். அடுத்து, பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கத்துக்குக் கொண்டுவந்து, நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து பாருங்கள். 2, 3 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் பிரேம் கோணியிருக்கிறது. நூல் சரியாகக் காட்டினாலும் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) கழற்றிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஸ்டீல் வளையுமே தவிர உடையாது. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: ஒரு வரம்புக்குக் கீழுள்ள அழுத்தத்தை எத்தனை முறை கொடுத்தாலும் ஸ்டீல் தாங்கும் என்பது உண்மை. ஆனால் கூர்மையான மடிப்பில் அழுத்தம் குவிந்து அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. துருவும் சேர்ந்தால் வரம்பே இறங்கிவிடும்.

கேள்வி: அப்படியே இருந்தாலும், விரிசல் தெரிந்த பிறகு நிறுத்திக்கொண்டால் போதாதா?

பதில்: குழாயில் விரிசல் மெல்ல வளர்ந்தால் முனகலோ தளர்ச்சியோ முன்கூட்டித் தெரியக்கூடும். தலைக்குழாய்க்குள் மறைந்திருக்கும் ஃபோர்க் தண்டு முறிந்தால் அந்த அவகாசம் கிடைக்காது. முகம் தரையில் மோதும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: என்னுடையது அலுமினிய பிரேம். அதில் ஒடுக்கு விழுந்தால்?

பதில்: எத்தனை முறை அழுத்தினாலும் தாங்கும் என்று ஸ்டீலுக்குச் சொன்ன அந்த வரம்பு அலுமினியத்துக்குக் கிடையாது. அந்த உலோகத்தில் வேலை செய்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நடுவில் சிறிய ஒடுக்குதான். ஓட்டலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பட்டி வைத்து நிரப்பிப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பட்டி பலம் எதையும் தராது; விரிசல் பிறக்கக்கூடிய இடத்தையே மூடிவிடும். ஒடுக்கின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் அதையும் பாருங்கள். கோட்டைத் தாண்டிப் பெயிண்ட் வெடித்தால், அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்.